இருவர் எழுதும் ஒரே கணக்கு: ஆண்ட்ராய்டு செயலியில் தரவை ஒத்திசைப்பது எப்படி?

பொருநைக்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரிலுள்ள மகளிர் சுய உதவிக் குழு ஒன்றுக்காகச் சேமிப்பு, உள்கடன், தவணை ஆகியவற்றைப் பதிந்துவைக்கும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றைக் கோட்லின் மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் ஜாவா படித்திருக்கிறேன். அதற்கு மேல் ஆண்ட்ராய்டில் எனக்கு அனுபவம் கிடையாது. குழுவில் 16 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை கூட்டம் நடக்கும். அப்போது ஒவ்வொருவரும் சேமிப்பையும், கடன் வாங்கியிருந்தால் அசலையும் வட்டியையும் கட்டுவார்கள்.

ஒரே போனில் ஓடிய வரைக்கும் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. போனிலேயே தரவுத்தளம் வைக்க உதவும் ரூம் நூலகத்தின் வழியாக உறுப்பினர் அட்டவணை ஒன்றை வைத்து, அதிலேயே சேமிப்பு இருப்பு, கடன் பாக்கி என்று இரண்டு புலங்களைச் சேர்த்து, பணம் கட்டும்போதெல்லாம் அவற்றைக் கூட்டியும் கழித்தும் வருகிறேன். இப்போது ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர் ஆகிய மூவருடைய போன்களிலும் அதே கணக்கு தெரிய வேண்டும், மூவரும் பதிய முடிய வேண்டும் என்று கேட்கிறார்கள். கூட்டம் நடக்கும் இடத்தில் சிக்னல் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

தற்காலிகமாக, தரவுத்தளக் கோப்பை அப்படியே டிரைவில் ஏற்றி, மற்றவர்கள் அதை இறக்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறேன். இதில் கணக்கு உதைக்கிறது. ஓர் உறுப்பினரின் பாக்கி 4,200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கட்டிய 500 ரூபாயை ஊக்குநர் தம் போனில் பதிகிறார்; அங்கே பாக்கி 3,700 ஆகிறது. பிறகு அதே உறுப்பினர் வேறொரு நாளில் 300 ரூபாயைப் பிரதிநிதியிடம் கொடுக்க, பிரதிநிதி பழைய கோப்பை வைத்துக்கொண்டே பதிகிறார்; அங்கே 3,900 ஆகிறது. கடைசியாக யார் ஏற்றினாரோ அவருடைய கோப்புதான் நிற்கிறது. 3,400 என்று காட்ட வேண்டிய இடத்தில் 3,900 காட்டுகிறது.

கூகுளின் ஃபயர்பேஸ் சேவைக்கு மாறினால் இது தானாகச் சரியாகிவிடுமா, அல்லது சொந்தமாகச் சர்வர் எழுத வேண்டுமா? சிக்னல் இல்லாதபோது பதிந்தவற்றைப் பின்னர் எந்த நேரத்தில், எப்படி அனுப்புவது? மாதக் கணக்கை உறுப்பினர்களுக்கு வாட்ஸ்அப்பில் பகிரவும் ஒரு வழி வேண்டும். வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வணக்கம். ஃபயர்பேஸா, சொந்தச் சர்வரா என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். இப்போதுள்ள அட்டவணை அமைப்பை வைத்துக்கொண்டு எந்தச் சேவைக்கு மாறினாலும் அந்த 500 ரூபாய் தொலையத்தான் செய்யும். "பாக்கி இனி 3,700" என்று ஒரு போனும், "பாக்கி இனி 3,900" என்று இன்னொரு போனும் சொன்னால், அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைத் தவிரச் சர்வருக்கு வேறு வழியே இல்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் விடை தவறுதான்.

ஆகவே இருப்பை அனுப்பாதீர்கள், நடந்ததை அனுப்புங்கள். "இந்த உறுப்பினர் இந்தத் தேதியில் அசலில் 500 கட்டினார்" என்பது ஒரு பதிவு, "300 கட்டினார்" என்பது இன்னொரு பதிவு. இரண்டும் எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் கூட்டுத்தொகை 800தான், பாக்கி 3,400தான். இருப்பு என்பதை எங்கும் சேமிக்காமல், திரையில் காட்ட வேண்டிய நேரத்தில் பதிவுகளைக் கூட்டிப் பெற வேண்டும். இதனால் செயலி மெதுவாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். 16 பேர், ஆண்டுக்கு 52 வாரம், ஆளுக்கு அதிகம் போனால் 3 பதிவு என்று வைத்தாலும் ஆண்டுக்குச் சுமார் 2,500 வரிசைகள்தான் சேரும். மலிவான போனில் ரூமுக்கு அடியில் இயங்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்கும் இது ஒரு பொருட்டே அல்ல.

பதிவு எண்ணைப் பொறுத்தவரை, ரூம் தானாகக் கூட்டிக்கொண்டு போகும் எண்ணை முதன்மைச் சாவியாக (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் புலமாக) வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். மூன்று போன்களும் தனித்தனியே எழுதத் தொடங்கியதும் மூன்றிலும் 118 என்ற எண்ணில் மூன்று வெவ்வேறு பதிவுகள் உருவாகும். அதற்குப் பதிலாகப் பதிவு பிறக்கும் கணத்திலேயே போனில் யூயூஐடி எனப்படும் தனித்துவ அடையாள எண் ஒன்றை உருவாக்கி அதையே சாவியாக்குங்கள். 128 பிட்டுகளில் 122 பிட்டுகள் தற்செயலாக அமைவதால் இரண்டு போன்களில் ஒரே எண் பிறப்பதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. இதில் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது. போன் ஒரு பதிவை அனுப்புகிறது, சர்வர் அதை வாங்கி எழுதியும்விடுகிறது, ஆனால் "பெற்றுக்கொண்டேன்" என்ற பதில் வந்து சேர்வதற்குள் சிக்னல் போய்விடுகிறது என்று கொள்ளுங்கள். போன் அதே பதிவை மறுபடி அனுப்பும்; அனுப்பத்தான் வேண்டும். சாவி ஒன்றே என்பதால் சர்வர் இரண்டாவதைப் புறக்கணித்துவிட்டு மீண்டும் "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் சொல்லும். சாவியைச் சர்வர் கொடுக்கும்படி வைத்திருந்தால் அந்த 500 ரூபாய் இருமுறை வரவாகியிருக்கும்.

எழுதிய பதிவைத் திருத்தவோ அழிக்கவோ செயலி இடம்கொடுக்கக் கூடாது. தொகையைத் தவறாக எழுதிவிட்டால், அந்தப் பதிவின் சாவியைச் சுட்டும் எதிர்ப்பதிவு ஒன்றை எழுதிவிட்டுச் சரியான தொகையைப் புதிதாகப் பதிய வேண்டும். ரொக்கப் பதிவேட்டில் தாளைக் கிழிப்பதை ஆய்வுக்கு வருபவர்கள் எப்படி ஏற்க மாட்டார்களோ, செயலியிலும் அப்படியே இருக்கட்டும். ஒத்திசைவுக்கும் இது வசதி. அழித்தல் என்ற ஒன்று இருந்தால் "இது அழிக்கப்பட்டது" என்ற அடையாளத்தையும் எல்லாப் போன்களுக்கும் கொண்டுசேர்க்க வேண்டியிருக்கும். கொண்டுசேர்க்காவிட்டால், நெடுநாள் அணைந்து கிடந்த போன் ஒன்று இணையத்துக்கு வந்ததும் அழித்த பதிவு மறுபடி முளைத்துவிடும்.

ஒவ்வொரு பதிவிலும் மூன்று புலங்களைக் கூடுதலாக வையுங்கள்: பதிந்தபோது போனின் கடிகாரம் காட்டிய நேரம், அனுப்பப்பட்டதா இல்லையா என்ற நிலை, சர்வர் ஏற்றுக்கொண்டபோது கொடுத்த வரிசை எண். போனின் நேரம் மனிதர்கள் பார்ப்பதற்கு மட்டுமே. யார் வேண்டுமானாலும் கடிகாரத்தை மாற்றிவைக்க முடியும் என்பதால், அதைக் கொண்டு எது முந்தியது என்று செயலி முடிவுசெய்யக் கூடாது. மற்ற போன்கள் "எனக்குக் கடைசியாக வந்தது 640, அதற்குப் பின் வந்தவற்றைக் கொடு" என்று கேட்பதற்குத்தான் சர்வரின் வரிசை எண். சொந்தச் சர்வர் எழுதுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்களில் 641, 642 என்று எண் வாங்கிய இரண்டு எழுதும் பணிகளில் 642 முதலில் முடிந்து, 641 சற்றுப் பிந்தி முடியக்கூடும். அந்த இடைவெளியில் கேட்ட போன் 642 வரை வாங்கிக்கொண்டு 641 ஐ எப்போதுமே கேட்காமல் போய்விடும். ஒரு குழுவுக்கு ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும்படி பூட்டுப் போட்டு எண் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

டிரைவில் கோப்பை ஏற்றும் முறையை இன்றே நிறுத்திவிடுங்கள். ரூம் பெரும்பாலான போன்களில் புதிய பதிவுகளை முதலில் தனியொரு துணைக் கோப்பில் எழுதிப் பிறகே முதன்மைக் கோப்பில் சேர்க்கிறது. முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் கடைசியாகப் பதிந்த சில வரிகள் அதில் இல்லாமலே போகலாம். நீங்கள் சொன்ன சிக்கலோடு இதுவும் சேர்ந்தால் எந்த ரூபாய் எங்கே போனது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

தூறல் எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன அமைப்பை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் புதிதாகத் தொடங்குபவர் சர்வர், லாகின், தரவுத்தளப் பராமரிப்பு ஆகிய எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தோளில் ஏற்றிக்கொண்டால் செயலி முடியவே முடியாது. மூன்று போன்களுக்கு ஃபயர்பேஸில் உள்ள ஃபயர்ஸ்டோர் தரவுத்தளம் போதும். ஆண்ட்ராய்டில் அது இணையமில்லாதபோதும் இயங்கும் வசதி இயல்பாகவே திறந்திருக்கும். பதிவுகளைப் போனிலேயே வரிசையில் நிறுத்திவைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பிக்கொள்ளும். குழு என்ற ஆவணத்தின் கீழ்ப் பதிவுகள் என்ற தொகுப்பு, அதில் ஒவ்வொரு பதிவும் ஓர் ஆவணம், ஆவணத்தின் பெயரே யூயூஐடி என்று அமைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கநிலையில் பலரும் விழும் குழி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோட்லினில் ஆவணத்தை எழுதச் சொல்லிவிட்டு, அது முடியும்வரை காத்திருக்கும்படி அவெயிட் போட்டால், சர்வர் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும் வரைக்கும் அந்த வரி நகராது. சிக்னல் இல்லாத கூடத்தில் ஊக்குநர் "சேமி" பொத்தானை அழுத்துவார். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். உண்மையில் பதிவு அந்தக் கணமே போனில் சேமிக்கப்பட்டுவிட்டது. ஆனால் திரை அப்படிச் சொல்லாததால் அவர் திரும்பிப்போய் மறுபடி பதிவார். அது புதிய யூயூஐடியோடு இரண்டாவது வரவாக நிற்கும். ஆகவே எழுதச் சொல்லிவிட்டுக் காத்திராமல் அடுத்த திரைக்குப் போங்கள். "அனுப்பக் காத்திருக்கிறது" என்ற குறியைப் பதிவின் ஓரத்தில் காட்டுங்கள். மாற்றங்களை உடனுக்குடன் தெரிவிக்கும் லிஸனர் தரும் தகவலிலேயே ஒரு ஆவணம் இன்னும் சர்வருக்குப் போகவில்லை என்பது தெரியும்.

கட்டணமில்லாமல் நாளொன்றுக்கு 50,000 ஆவண வாசிப்பும் 20,000 ஆவணம் எழுதுதலும் கிடைக்கின்றன. எழுதுவதில் உங்களுக்குப் பிரச்சினை வராது. வாசிப்பில்தான் கவனம் வேண்டும். லிஸனர் அரை மணி நேரத்துக்கு மேல் இணைப்பின்றி இருந்துவிட்டு மீண்டும் இணைந்தால், புதிதாகக் கேட்டதைப் போலவே எல்லா ஆவணங்களுக்கும் வாசிப்புக் கணக்காகும். 2,500 பதிவுகளை மூவரும் நாளுக்கு ஐந்து முறை அப்படித் திறந்தால் 37,500. இரண்டாம் ஆண்டில் வரம்பைத் தாண்டிவிடும். எனவே எல்லாவற்றையும் கேட்காமல், கடைசியாகப் பெற்ற சர்வர் நேரத்துக்குப் பின் வந்தவற்றை மட்டும் கேளுங்கள். சில நிமிடங்கள் பின்னோக்கித் தொடங்கிக் கேட்பது நல்லது. சாவி ஒன்றாக இருப்பதால் ஒரே பதிவு இருமுறை வந்தாலும் தீங்கில்லை.

பாதுகாப்பு விதிகளைத் தள்ளிப்போடாதீர்கள். சோதனை நிலையில் தொடங்கினால் 30 நாள்கள் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம். அதன் பிறகு யாராலும் முடியாது. உறுப்பினர்களின் கடன் விவரம் அப்படித் திறந்து கிடக்கக் கூடாது. இந்தக் குழுவின் பொறுப்பாளர்கள் பட்டியலில் உள்ளவர் மட்டுமே படிக்கலாம், புதிய பதிவைச் சேர்க்கலாம், இருக்கும் பதிவை மாற்றவோ நீக்கவோ யாராலும் முடியாது என்பதை விதியாகவே எழுதிவிடலாம். திருத்தக் கூடாது என்ற கட்டுப்பாடு அப்போது செயலியின் நல்லெண்ணத்தை நம்பியிராமல் சர்வரிலேயே நிலைத்துவிடும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தூறல் சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். கடைசி நேரத்துக்குப் பின் வந்தவற்றை மட்டும் கேட்பதென்றால், முன்பு வந்தவற்றை எங்கிருந்து காட்டுவது? ஃபயர்ஸ்டோர் போனில் வைத்துக்கொள்ளும் தற்காலிக நகலான கேஷ், இயல்பான அளவான 100 எம்பியைத் தாண்டும்போது பழையவற்றைத் தானாகவே கழித்துவிடும் இயல்புடையது. உங்கள் அளவுக்கு அது எளிதில் நிரம்பாது என்பது உண்மையே. ஆயினும் கழிக்கப்படக்கூடிய ஒன்றைக் கணக்கேடாக நம்புவது எனக்கு உடன்பாடில்லை. வந்த பதிவுகளை ரூமில் எழுதி, திரை எப்போதும் ரூமை மட்டுமே பார்க்கும்படி வைத்துக்கொண்டால், பின்னாளில் ஃபயர்ஸ்டோரை விட்டு வேறு சர்வருக்கு மாறினாலும் திரைகளில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியிருக்காது.

தூறல் எழுதியது:

அதை ஏற்கிறேன். அப்படியானால் காத்திருக்கும் பதிவுகளின் வரிசையும் ரூமிலேயே இருக்கட்டும். இரண்டு வரிசைகள் இருந்தால் எது அனுப்பப்பட்டது என்பதில் குழப்பம் வரும். இந்த முறையில் அனுப்பும் வேலை பின்னணியில் நடப்பதால், நான் மேலே வேண்டாம் என்ற அவெயிட்டை அங்கே தாராளமாகப் போடலாம். சர்வரின் ஒப்புதல் வந்த பிறகுதான் நிலையை மாற்ற வேண்டும்.

பின்கட்டு எழுதியது:

அந்தப் பின்னணி வேலையைப் பற்றி நான் சொல்கிறேன். இணையத்தில் தேடினால் சிங்க் அடாப்டர், அசிங்க் டாஸ்க், முடிவின்றி ஓடும் சர்வீஸ் என்று பழைய பாடங்கள் ஏராளமாக வரும். அசிங்க் டாஸ்க் ஆண்ட்ராய்டு 11 இலேயே கைவிடப்பட்டது. ஆண்ட்ராய்டு 8 முதல் பின்னணி சர்வீஸ்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. ஆண்ட்ராய்டு 6 இல் வந்த டோஸ் நிலை, தொடாமல் கிடக்கும் போனின் பின்னணி இணையப் பயன்பாட்டையே நிறுத்திவைக்கிறது. இவற்றோடு மல்லுக்கட்டாமல், பின்னணி வேலைகளைக் கவனித்துக்கொள்ளும் ஒர்க்மேனேஜர் நூலகத்தைப் பயன்படுத்துங்கள். 2019 இல் அதன் முதல் நிலையான பதிப்பு வந்தது.

பதிவு ஒன்று ரூமில் எழுதப்பட்டதும், "இணையம் இருக்கும்போது மட்டும் ஓடு" என்ற நிபந்தனையோடு ஒருமுறை ஓடும் வேலையை வரிசையில் போடுங்கள். அதற்கு நிலையான பெயர் ஒன்றைக் கொடுத்து, இருக்கும் வேலைக்குப் பின்னால் சேர்த்துக்கொள்ளும்படி வைத்தால், ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் மோதிக்கொள்ளா. தோற்றால் "மறுபடி முயல்" என்று வேலை பதில் தரும்படி எழுதிவிட்டால், முதலில் 30 விநாடி கழித்தும், பின்னர் ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாகக் கூடும் இடைவெளியிலும் அதுவே மறுபடி முயலும். மற்றவர்களின் பதிவுகளை வாங்குவதற்குக் குறித்த கால இடைவெளியில் ஓடும் வேலை ஒன்றை வைக்கலாம். அதன் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம் என்பதையும், அதுவும் சொன்ன நேரத்தில் ஓடும் என்ற உறுதி கிடையாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். சில நிறுவனங்களின் போன்கள் மின்கலத்தைச் சேமிப்பதாகச் சொல்லிப் பின்னணி வேலைகளை அடியோடு நிறுத்திவிடுகின்றன. ஆகவே செயலியைத் திறந்தவுடன் ஒருமுறை ஒத்திசைப்பதையும் கட்டாயம் சேருங்கள். முகப்புத் திரையில் "3 பதிவுகள் இன்னும் அனுப்பப்படவில்லை" என்று எழுத்திலேயே காட்டுங்கள். எல்லாம் தானாக நடக்கும் என்று பயனர் நம்பிக்கொண்டிருப்பதைவிட, எது நடக்கவில்லை என்று அவருக்குத் தெரிவதே மேல்.

புஷ் செய்தி அனுப்பி மற்றப் போன்களை எழுப்பலாம். ஆனால் அந்தச் செய்திக்குள் பதிவையே வைத்து அனுப்பாதீர்கள். 4,096 பைட் என்ற வரம்பு இருக்கிறது. அதைவிட முக்கியமாக, செய்தி வந்தே தீரும் என்ற உறுதி இல்லை. "புதியது ஏதோ வந்திருக்கிறது, போய்க் கேள்" என்ற அளவில் மட்டும் இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் பகிர்வதற்கு மாதக் கணக்கைப் பிடிஎஃப் ஆக்குவது எளிது. இதில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வெளியிலிருந்து கிடைக்கும் பிடிஎஃப் நூலகங்கள் சிலவற்றில் "கொ", "கௌ" போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் இடம்மாறி விழும். "கொடுத்த கடன்" என்ற தலைப்பே படிக்க முடியாதபடி ஆகிவிடும். ஆண்ட்ராய்டிலேயே உள்ள பிடிஎஃப் டாக்குமெண்ட் வகுப்பைக் கொண்டு, ஸ்டாட்டிக் லேஅவுட் வழியாக எழுத்துகளை வரைந்தால், திரையில் தெரியும் அதே ஒழுங்கில் தமிழ் வரும். உருவான கோப்பைச் செயலியின் கேஷ் கோப்புறையில் வைத்து, ஃபைல் புரொவைடர் தரும் முகவரியோடும் தற்காலிக வாசிப்பு அனுமதியோடும் பகிருங்கள். கோப்பின் நேரடிப் பாதையைக் கொடுத்தால் ஆண்ட்ராய்டு 7 முதல் செயலி நின்றுவிடும்.

பொருநைக்கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பதிவுகளைக் கூட்டி இருப்பைப் பெறும் முறை தெளிவாகப் புரிந்துவிட்டது. ஆனால் யோசிக்க யோசிக்க இரண்டு இடங்களில் இடிக்கிறது. உறுப்பினரின் பெயர், போன் எண் போன்றவை பதிவுகள் அல்லவே. அவற்றை மாற்றத்தானே வேண்டும்? இன்னொன்று இதைவிடப் பெரியது. குழுவின் கையிருப்பு 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இணையமில்லாத நிலையில் ஊக்குநர் தம் போனில் ஒருவருக்கு 10,000 ரூபாய் கடன் பதிகிறார். அதே நாளில் பிரதிநிதி தம் போனில் வேறொருவருக்கு 8,000 ரூபாய் பதிகிறார். இரண்டு போன்களிலும் கையிருப்பு போதுமானதாகவே தெரியும். பிறகு ஒத்திசைத்தால் கையிருப்பு மைனஸ் 6,000 ஆகிவிடும். இதை எப்படித் தடுப்பது?

கணக்குப்பிள்ளை எழுதியது:

சரியான இடத்தில் கைவைத்திருக்கிறீர்கள். பணம் வருவதைப் பதிவதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. எத்தனை போன்களில் பதிந்தாலும் கூட்டினால் சரியாக வரும். பணம் போவதற்கு "கையிருப்பைத் தாண்டக் கூடாது" என்ற நிபந்தனை இருக்கிறது. ஒன்றையொன்று பார்க்க முடியாத இரண்டு போன்கள் தனித்தனியே முடிவெடுத்துக்கொண்டே இந்த நிபந்தனையையும் காப்பாற்ற எந்த நூலகத்தாலும் முடியாது. சர்வரில் உள்ளதைப் படித்துச் சரிபார்த்த பிறகே எழுதும் ஃபயர்ஸ்டோரின் டிரான்சாக்ஷன் இதற்கென்றே இருப்பதுதான். ஆனால் இணையமில்லாவிட்டால் அது தோற்றுவிடும், தோற்கத்தான் வேண்டும்.

உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. கடன் வழங்குவதை இணையம் இருக்கும்போது மட்டும் அனுமதிக்கலாம். அல்லது இணையமில்லாதபோது பதிவதைக் கடன் கோரிக்கையாக மட்டும் வைத்து, சர்வர் ஏற்றுக்கொண்ட பிறகே கடனாகக் காட்டலாம். அல்லது கடன் பதியும் அதிகாரத்தை ஒரே போனுக்குக் கொடுத்துவிடலாம். மூன்றாவதே உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. உள்கடன் என்பது கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு கொடுப்பது. தீர்மானப் பதிவேடு ஒன்றுதான்; அது கூட்டத்தில் ஒருவர் கையில்தான் இருக்கும். அந்தப் பதிவேடு யாரிடம் இருக்கிறதோ அவருடைய போன் மட்டும் கடனைப் பதியட்டும், மற்ற இரண்டும் சேமிப்பையும் தவணையையும் பதியட்டும். அப்போது மற்ற போன்களில் இன்னும் ஒத்திசையாத வரவுகளால் கையிருப்பு கூடுமே தவிர ஒருபோதும் குறையாது. ஆகையால் கடன் பதியும் போன் காட்டும் கையிருப்பை நம்பியே கடன் கொடுக்கலாம். சேமிப்பைத் திருப்பித் தருவது, குழுச் செலவு, வரவுக்கு எழுதும் எதிர்ப்பதிவு ஆகியவையும் பணம் குறையும் பதிவுகளே. அவற்றையும் அதே போனுக்கே ஒதுக்குங்கள். பொறுப்பாளர் மாறும்போது அதிகாரத்தை மாற்றுவதை இணையத்தோடு மட்டுமே செய்ய முடியும்படி வையுங்கள்.

தூறல் எழுதியது:

உறுப்பினர் விவரத்துக்குக் கடைசியாகச் சர்வரை அடைந்ததே நிற்கும் என்ற எளிய விதி போதும். போன் எண்ணை ஒருவரும் முகவரியை இன்னொருவரும் மாற்றினால் இரண்டும் நிற்கும்படி, முழு ஆவணத்தையும் எழுதாமல் மாறிய புலத்தை மட்டும் எழுதுங்கள். ஆதார் எண்ணைச் சேமிக்காதீர்கள். இந்தச் செயலிக்கு அது எதற்கும் தேவைப்படாது.

சர்வரிலிருந்து வந்த உறுப்பினர் விவரத்தை ரூமில் எழுதும்போது ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. "ஏற்கெனவே இருந்தால் மாற்று" என்பதற்காகப் பலரும் ரீப்ளேஸ் என்ற விருப்பத்தைப் போடுவார்கள். அது பழைய வரிசையை அழித்துவிட்டுப் புதியதைச் செருகும். பதிவுகள் அட்டவணையை உறுப்பினர் அட்டவணையோடு இணைத்து, உறுப்பினர் அழிந்தால் அவருடைய பதிவுகளும் அழியும்படி வைத்திருந்தால், ஒருவருடைய போன் எண்ணை மாற்றியதும் அவருடைய சேமிப்பு முழுவதும் அந்தப் போனிலிருந்து காணாமல் போகும்; பிழைச் செய்தி எதுவும் வராது. ரூம் 2.5 முதல் அப்சர்ட் என்ற குறிப்பு இருக்கிறது. அது வரிசையை அழிக்காமல் இருக்கும் இடத்திலேயே புதுப்பிக்கும். அதையே பயன்படுத்துங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

ரீப்ளேஸைத்தான் போட்டிருந்தேன், மாற்றிவிடுகிறேன். கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று போன்களிலும் இப்போதுள்ளது இருப்புத் தொகை மட்டுமே. பழைய பதிவுகள் கிடையா. புதிய அமைப்புக்கு எப்படி மாறுவது?

கணக்குப்பிள்ளை எழுதியது:

உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் "தொடக்கச் சேமிப்பு", "தொடக்கக் கடன் பாக்கி" என்று இரண்டு பதிவுகளையும், குழுவுக்குத் "தொடக்கக் கையிருப்பு" என்று ஒரு பதிவையும் எழுதி, அங்கிருந்து தொடங்குங்கள். இதை ரூமின் மைக்ரேஷனுக்குள் (அட்டவணை அமைப்பு மாறும்போது ஓடும் நிரலுக்குள்) வைத்து எல்லாப் போன்களிலும் தானாக ஓடவிடாதீர்கள். அப்படி ஓடினால் மூன்று போன்களும் ஆளுக்கொரு தொடக்க இருப்பை அனுப்பி, எல்லோருடைய சேமிப்பும் மூன்று மடங்காகிவிடும். போன்களில் உள்ள தொகைகள் ஏற்கெனவே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதால் அவற்றில் எதையும் எடுத்துக்கொள்ளாமல், எழுத்துப் பதிவேட்டில் உள்ள தொகையை ஒருவர் மட்டும் அமர்ந்து பதியட்டும்.

கூடுதல் பாதுகாப்பாக, இந்தத் தொடக்கப் பதிவுகளுக்கு மட்டும் தற்செயல் யூயூஐடி வேண்டாம். குழு எண், உறுப்பினர் எண், "தொடக்கச் சேமிப்பு" என்ற சொல் ஆகியவற்றைச் சேர்த்த சரத்திலிருந்து யூயூஐடியைக் கணக்கிட்டு எடுங்கள். ஜாவாவின் யூயூஐடி வகுப்பிலேயே அதற்கான செயற்கூறு உண்டு. அப்படிச் செய்தால் எந்தப் போனில் கணக்கிட்டாலும் ஒரே சாவிதான் வரும். யாராவது மறதியாக இரண்டாவது போனிலும் தொடக்க இருப்பைப் பதிந்தாலும், இருக்கும் ஆவணத்தை மாற்றக் கூடாது என்று தூறல் சொன்ன விதி அதைச் சர்வரிலேயே நிராகரித்துவிடும். நிராகரிக்கப்பட்ட பதிவை அந்தப் போனின் ரூமிலிருந்து நீக்கிவிட்டுச் சர்வரில் உள்ளதை வாங்கிவைக்கும்படி அனுப்பும் வேலையில் எழுதிக்கொள்ளுங்கள். பதிவை அழிக்க நான் சம்மதிக்கும் இடம் இது ஒன்றுதான்.